பார்ட் ஒன் டாக்டர்

கட்டிலில் படுத்திருக்கும் அம்மாளின் முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டர் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிப்பார். பத்தில் விட வேண்டும். ஏழு வந்ததும் அவருக்கு அந்த மாலுமிப் படத்தின் ஏழாம் பாகம் ஞாபகம் வந்துவிடும். எண்ணிக்கை அதோடு சரி. "ட்ரெய்லர் பாத்தீங்களா? கப்பல் பறக்குதும்மா! எதுக்குப் பறக்கணும்? கடல் என்ன வத்திப் போச்சா?" தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "மொதல்ல என் காலை விடுங்க சார். கப்பலை அப்புறம் இறக்கிக்கலாம்" என்பார்.

காலை விடுவார், பேச்சை விடமாட்டார். பிசியோதெரபியில் கைராசிக்காரர். கையைத் தூக்கவே முடியாமல் வந்தவர்கள் சில வாரத்தில் தாங்களே தலைவாரிக்கொண்டு வருவார்கள். ஆனால் எந்தப் பேச்சையும் "பார்ட் ஒன்ல அவன் என்ன பண்ணுவான் தெரியுமா?" என்று அங்கேயே கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அதனால் நோயாளிகளுக்கு அவர் 'பார்ட் ஒன் டாக்டர்'.

'அவன்' ஒரு சரக்குக் கப்பல் மாலுமி. முதல் மூன்று படங்களில் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கொள்ளைக்காரர்கள் கழுத்தில் கத்தி வைத்தால், பேசிப் பேசி அவர்களுக்குள்ளேயே மூட்டிவிட்டு நைசாக நழுவிவிடுவான். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே வெட்கப்பட்ட கல்லூரி வயதில் நம் டாக்டருக்குத் தைரியம் கொடுத்தவன் அவன்தான். நாலாம் பாகத்தில் புது இயக்குநர் ஒருவர் அவன் கையில் துப்பாக்கியைத் திணித்தார். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"பேசியே தப்பிச்சவன்மா! இப்ப டமால் டுமீல்தான்."

சரி, பிடிக்கவில்லை என்றால் போகாமல் இருக்க வேண்டியதுதானே? அதுதான் முடியாது. முதல் நாளே மகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்து 'ச்சு' கொட்டுவார், பெருமூச்சு விடுவார், தலையில் அடித்துக்கொள்வார். பாவம், அந்தப் பெண் பார்க்க ஆரம்பித்ததே நாலாம் பாகத்திலிருந்துதான். அவளுக்கு அந்தத் துப்பாக்கி மாலுமி என்றால் உயிர். ஆறாம் பாகம் முடிந்து வெளியே வரும்போது அவள் முகம் செத்துப்போயிருந்தது. நம்மவர் எங்கே கவனித்தார்? வழியெல்லாம் பார்ட் ஒன் புராணம்.

ஏழாம் பாகத்துக்குத் தோழிகளோடு போவதாக அவள் சொன்னாள்.

"அப்ப நான்?"

"நீங்க வேணாம்ப்பா. எனக்குப் புடிச்சதைப் பாத்து நீங்க தலையில அடிச்சுக்கிறீங்க. என்னையே அடிக்கிற மாதிரி இருக்கு."

மனிதருக்குச் சுருக்கென்றது. படம் கெட்டுப்போயிற்று என்று ஊரெல்லாம் புலம்பியவருக்கு, மகளோடு உட்கார்ந்து பார்ப்பது கைநழுவிப் போகும் என்று தோன்றவே இல்லை. அன்று கிளினிக்கில் எல்லா முழங்காலையும் ஒழுங்காகப் பத்தில் விட்டார். தபால் அம்மாளே பயந்துபோய், "உடம்புக்கு என்ன சார்?" என்று கேட்டார்.

மாலையில் மகள் முன்னால் போய் நின்றார். "மூச்சைக்கூட சத்தமா விடமாட்டேன். கூட்டிட்டுப் போம்மா."

"சத்தியமா?"

"பார்ட் ஒன் மேல சத்தியம்."

அவள் சிரித்துவிட்டாள்.

தியேட்டரில் கப்பல் பறந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். மாலுமி இரண்டு கையாலும் சுட்டுத் தள்ளினான். தலைக்குப் போகப் பார்த்த கையை மடியில் அழுத்திக்கொண்டார். கடைசியில் குண்டடிபட்டு அவன் சரிந்தபோது, மகள் விம்மிக்கொண்டே அப்பாவின் முன்கையை இறுக்கிப் பிடித்தாள். காட்சி மகா மட்டம். வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசியிருந்தால் பிழைத்திருப்பான், மடையன்! அவள் பிடித்த பிடியில் அவருடைய விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. எந்த நரம்பு அழுந்துகிறது என்றுகூட அவருக்குத் தெரியும். அசைத்தால் அவள் கையை எடுத்துவிடுவாள்.

விளக்கு போடும்வரை அவர் அசைக்கவில்லை.