ஞாயிற்றுக்கிழமைத் தப்புகள்

பெரம்பலூர் சப் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஊர் சொன்னது, நான் மறுக்கவில்லை. பத்திரத்தில் ஓர் எழுத்தை அடித்துத் திருத்தினால்கூட அதைக் கடைசியில் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். என் பத்திரங்களில் அந்த வேலையே வராது. அப்படிப்பட்டவன் வீட்டில் பதினொரு வயது மகளுக்கு எழுத வரவில்லை.

படிப்பாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வாள். கணக்கை மனசிலேயே போட்டுவிடுவாள். கையில் பேனாவைக் கொடுத்தால் போச்சு. எழுத்துகள் திசை மாறித் திரும்பிக்கொள்ளும், வரி மேலே ஏறும், ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் போய் விழும். கோழி கிளறிவிட்டதுபோல் இருக்கும் தாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்த மற்ற பத்திரக்காரர்கள் எனக்காக அந்தப் பழமொழியைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். அடியாத மாடு படியாது என்று நம்பிய காலம் அது. ஸ்கேலால் அவளுடைய விரல்களில் அடித்திருக்கிறேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

சுதந்திரம் வந்த மறுவருஷம், ஐந்தாம் வகுப்பில் அவளை இரண்டாவது தடவையாக நிறுத்திவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். விடைத்தாளை என் முன்னால் விரித்து, இதில் எங்கே மார்க் போடுவது என்று என்னையே கேட்டார். எனக்கும் படிக்க முடியவில்லை. படித்தது போதும், இனி வீட்டில் இருக்கட்டும் என்று அன்றே தீர்மானித்தேன்.

என் மனைவி எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"வாயால எல்லாத்தையும் சொல்றா. பேனாவப் புடிச்சாத்தானே வரமாட்டேங்குது? பேனாவே இல்லாம எழுதற மெஷின் என் தம்பிகிட்ட இருக்குல்லங்க?"

அவள் தம்பி அரியலூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தான். இங்கிலீஷ் மெஷின் நான்கு, தமிழ் மெஷின் ஒன்று. இனி ஆபீஸெல்லாம் தமிழில்தான் நடக்கும் என்று நம்பி அதை வாங்கிப் போட்டிருந்தான். கற்றுக்கொள்ள ஒருவரும் வரவில்லை. துணியைப் போர்த்திக்கொண்டு அது மூலையில் கிடந்தது. மெஷினில் அடிப்பதையெல்லாம் எழுத்து என்றே நான் ஒத்துக்கொண்டதில்லை. ஆனாலும் ஹெட்மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் தன் முன்னால் உட்கார்ந்து, தானாக ஒரு பக்கம் அடித்துக் காட்டட்டும். தனக்குப் படிக்க முடிந்தால் ஆறாம் வகுப்பான ஃபர்ஸ்ட் ஃபாரத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். முடியாவிட்டால் அதோடு சரி. இரண்டு மாத லீவில் மகளை மாமன் வீட்டில் விட்டோம்.

ஞாயிறுதோறும் நான் போய்வந்தேன். பின்னால் அடுப்பை மாட்டிக்கொண்டு கரியில் ஓடும் பஸ். குன்னத்தில் நிறுத்திக் கரியைக் கிளறுவார்கள். அரியலூர் போய்ச் சேர்வதற்குள் சட்டை அழுக்காகிவிடும்.

முதல் ஞாயிறு பார்த்த காட்சி எனக்குப் பிடிக்கவே இல்லை. மெஷினில் எழுத்துகள் தெரியாதபடி அட்டையை மடித்துக் கூரைபோல் வைத்திருந்தான் மைத்துனன். அதற்கடியில் கையை விட்டு அவள் ய, ள, ன, க என்று அர்த்தமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல என்பது இதுதான் என்று நினைத்தேன். பார்த்தே எழுத வராத பெண் பார்க்காமலா எழுதப்போகிறாள்? கேட்டேன். பார்ப்பதால்தான் குழம்புகிறாள், விரலுக்கு இடம் தெரிந்தால் போதும் என்றான் அவன். கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல் சொல்லாகச் சொல்வேன். அவள் அடிக்க வேண்டும். படம், மடம், தடம். அந்த மெஷினில் புள்ளியை முதலில் அடித்துவிட்டுப் பிறகுதான் அதற்கான எழுத்தை அடிக்க வேண்டும். அவள் மறந்துபோவாள். தப்பு வந்த மாத்திரத்தில் "இரு" என்பேன். தாளை உருவிவிட்டுப் புதுத் தாளைச் செருகி, முதலிலிருந்து அடிக்கச் சொல்வேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். பத்திரத்தில் தப்பு வந்தால் அப்படித்தான் செய்வேன். ஒரு மத்தியானத்தில் பதினைந்து தாள் போயிருக்கும். ஒன்றும் முழுசாக முடியவில்லை.

"தப்பு வந்தா வரட்டும் மச்சான். நிக்காமப் போகணும். நின்னா வெரல் மறந்துடும்" என்றான் மைத்துனன்.

எனக்குச் சுருக்கென்றது. எழுத்தைப் பற்றி எனக்கே சொல்கிறானே என்று முறைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது ஞாயிறு, எதிரில் இருக்கும் கிளப்பில் காபி நன்றாக இருக்கிறது, போய்க் குடித்துவிட்டு வாருங்கள் என்று என்னைக் கிளப்பிவிட்டான். போனேன். அங்கே ஒரே கூட்டம், குடிக்காமலே திரும்பினேன். படியேறும்போது உள்ளே மெஷின் சத்தம், நிதானமாக, ஒரே சீராக. யாரோ பரீட்சைக்குப் படிக்கிற பையன் என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். என் மகள். முதுகு நேராக, கண் சுவரில். அடித்துக்கொண்டே போனாள். தப்பும் வந்திருக்கும், அவள் நிற்கவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்பினாள். தோள் ஒடுங்கிற்று. அடுத்த வரியில் மூன்று தப்பு.

யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. காபி குடிக்க அனுப்பிய மைத்துனன் மேல் குன்னம் வரைக்கும் கோபமாக வந்தேன். குன்னத்துக்கு அப்பால் கோபப்பட அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. பெற்ற பெண்ணுக்கு நான் பக்கத்தில் இருந்தால் கை ஓடவில்லை.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. முகூர்த்த மாதம், வேலை அதிகம் என்று ஒரு கார்டு போட்டேன். மூன்று ஞாயிறும் வீட்டிலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருதரம் போய்த்தான் பார்த்துவிட்டு வாருங்களேன் என்றாள் மனைவி. பெண்ணின் நல்லதுக்குத்தான் போகாமல் இருக்கிறேன் என்றேன். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மைத்துனன் அவளை அழைத்துக்கொண்டு வந்தான். தமிழ் மெஷினைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான். ஹெட்மாஸ்டர் அறையில் மேஜைமேல் அதை வைத்துவிட்டு நாங்கள் இருவரும் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டோம். கதவைச் சாத்தினார்கள்.

சத்தம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடிற்று. பிறகு நின்றது. உள்ளே போகக் காலெடுத்தேன். மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டான். மறுபடி சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நிற்கவில்லை.

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். லீவை எப்படிக் கழித்தாய் என்று கேட்டிருந்தாராம். தாளை என்னிடம் நீட்டி, "எனக்குப் படிக்க முடியுதுங்க. சேத்துக்கறேன். நீங்களும் ஒருதரம் படிங்க" என்றார்.

என் மகள் எழுதியதை வாழ்க்கையில் முதன்முதலாக அன்றுதான் படித்தேன்.

"மாமா வீட்டில் டைப் படித்தேன். ரயில் போனால் மெஷின் ஆடும். ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார். அப்பா வந்தால் எனக்குத் தப்பு வரும். பிறகு அப்பா வரவில்லை. தப்பு குறைந்தது. நல்ல தாளையெல்லாம் அப்பாவிடம் காட்ட எடுத்து வைத்தேன். மூன்று ஞாயிறும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தப்பு வந்தாலும் அப்பா வந்தால் நல்லது."

தாளில் ஆறு தப்பு இருந்தது, இங்கே அவற்றைத் திருத்தி எழுதியிருக்கிறேன். அந்த நிலையிலும் எண்ணிவிட்டேன், என் புத்தி அப்படி. இரண்டாம் தடவை படிக்கக் கண் தெரியவில்லை. ஹெட்மாஸ்டர் நாகரிகம் தெரிந்தவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் நாற்காலியிலிருந்து இறங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன தப்புப்பா?"

"எண்ணலம்மா" என்றேன்.

அவள் அதை நம்பவில்லை. ஆனாலும் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.