பேர்ளியின் அறுபத்தாறு

வெளிநாட்டில் நம்மவர் கடைத்தெருவான லா சப்பலில் ஷிரோமியைத் தெரியாதவர்கள் குறைவு. ஊருக்குப் பார்சல் அனுப்பும் கடையில் தராசடியில் நிற்கிறாளே, அந்த மன்னார்க்காரிதான். பெட்டியின் எடையைக் கழிக்காமல் எவருக்கும் கிலோ சொல்ல மாட்டாள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியின் பரீட்சைப் பொறுப்பும் அவளுடையதுதான்.

அந்தச் சனிக்கிழமை வில்லங்கம் பிடித்தது. லண்டன் தமிழறிவுப் போட்டிக்கு ஒரேயொரு இடம். பள்ளியின் புறநகர்க் கிளையான பொண்டி வகுப்பில் சாண்ட்ரா எண்பத்தாறு எடுத்திருந்தாள். லா சப்பல் வகுப்பில் பேர்ளி அறுபத்தாறு. ஆசிரியர் கூட்டத்தில் ஷிரோமி வாசித்த பெயரோ பேர்ளி. பேர்ளி அவள் பெற்ற மகள்.

பொண்டி ரீச்சர் தில்லைநாயகி எழும்பிவிட்டா.

"எண்பத்தாறு பெரிசோ, அறுபத்தாறு பெரிசோ? உம்மட பிள்ளைக்கெண்டு புதுக்கணக்குக் கண்டுபிடிச்சிட்டீரோ?"

"புதுக்கணக்கோ ரீச்சர்? ஊரிலை கம்பசுக்கு, பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையளை எடுக்கிற அதே இசெட் புள்ளிதான்; வகுப்புச் சராசரியிலை இருந்து எவ்வளவு மேலை நிக்குதெண்டு பாக்கிறது. நீங்களும் அதிலைதானே உள்ளுக்குப் போனனீங்கள்?"

லா சப்பல் வகுப்பு எடுக்கும் அல்பிரட் மாஸ்டர் சிரிப்பை அடக்கத் தேத்தண்ணியைக் குடித்தார். வகுப்புக்கு ஒரு தாள்; அவர் தன் வகுப்புக்குத் தயாரித்தது கல்லுப்போலக் கடினம்.

ஷிரோமி விட்டாளா? "உங்கட வகுப்புச் சராசரி எண்பது. விலகல் நாலு; கனபிள்ளையள் அதைச் சுத்தி நாலு புள்ளிக்குள்ளைதான் நிக்குதுகள். சாண்ட்ரா ஆறு கூட. ஆறை நாலாலை பிரிச்சால் ஒண்டரை. மாஸ்டரிட்டைச் சராசரி ஐம்பது, விலகல் எட்டு. பேர்ளி பதினாறு கூட. எட்டாலை பிரிச்சால் ரெண்டு."

"தாய் சொல்லுற கணக்கு!"

"போன வருசம் உங்கட பொண்டிப் பிள்ளை போனதும் இந்தக் கணக்கிலைதான். அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?"

ஒதுங்கிக்கொண்டால் நல்ல பெயர் கிடைக்கும் என்று ஷிரோமிக்கும் தெரியும். ஆனால் தன் பிள்ளை என்பதற்காகச் சரியான கணக்கைப் பிழையாக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு வகுப்புப் புள்ளிகளையும் கல்குலேற்றரையும் ரீச்சர் முன்னால் தள்ளினாள்.

"நீங்களே போடுங்கோ. வேறை விடை வந்தால் சாண்ட்ரா போகட்டும்."

தில்லைநாயகி ஒரு பெயர் விடாமல் போட்டா. நம்பாமல் இன்னொருதரமும் போட்டா. ஒன்றரை, இரண்டு.

"சரி, பேர்ளியை எழுதும்," என்றா. "ஆனா அடுத்த வருசம் ரெண்டு வகுப்புக்கும் ஒரே தாள்!"

"அதைத்தானே ரீச்சர் நாலு வருசமாய்க் கத்துறன்."

சொல்லிக்கொண்டே படிவத்தை இழுத்து, மகளின் பெயரை எழுதினாள்.