பாலில் ஊறிய ரொட்டி

மகளுக்கு வயிற்றுப்போக்கு. மாமியார் பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொண்டுவந்ததும் அந்த வாடைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இருபது வருடங்களுக்கு முன் திருப்பூரில் எனக்கும் இப்படித்தான் அடிக்கடி வயிற்றால் போகும். பனியன் கம்பெனியிலிருந்து வரும்போதே அப்பா பேக்கரி ரொட்டி வாங்கி வருவார். அம்மா பாலில் கொழகொழவென்று பிசைவாள்.

"தின்னு கண்ணு, வவுத்தால போறது நின்னுரும்."

சளியை விழுங்குவது போலிருக்கும். கழிச்சல் கூடும், அது கூடக்கூட ரொட்டியும் கூடும். நான் எலும்பாகிப் போன பிறகுதான், கோதுமையே ஆகாத சீலியாக் நோய் என்று டாக்டர் சொன்னார். அந்த ரொட்டி மைதாவும் கோதுமைதான் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"இது பரம்பரையா வர்ற நோயுங்க, புள்ளைக்கும் இருக்கலாம், ரொட்டி குடுக்காதீங்க" என்றேன்.

"உங்களுக்குத்தானுங்க மாப்பிள்ளை ஆகாது. வவுறு செரியில்லாத புள்ளைக்கு ரொட்டிதானுங்க குடுக்கோணும்" என்றார் மாமியார்.

நான் கிண்ணத்தைப் பிடுங்குவதற்குள் ஒரு வாய் விழுங்கிவிட்ட மகள் உதட்டை நக்கிக்கொண்டு சொன்னாள்: "இன்னுங் கொஞ்சம் வேணும்ப்பா."