இங்கிலாந்துக் கிழவர்கள்

என் பெண் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்தால் ஒரு ஆல்பத்தைப் போடுவாள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு குழு, இந்த வருஷம்தான் புதிதாக வெளியிட்டிருக்கிறதாம். அதைப் பாட்டு என்று நான் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. தகர ஷெட்டுக்குள் லாரியை விட்டு இடித்தாற்போல் இருக்கும். நடுவில் ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்துவான். ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது சின்ன ஃபிளாட். எந்த ரூமுக்குப் போனாலும் அந்தச் சத்தம் கூடவே வரும்.

ஒருநாள் போனில் அவர்கள் படத்தைக் காட்டினாள். எல்லோருக்கும் தலை வெளுத்திருந்தது. பாடுகிறவருக்கு என் வயதுதான் இருக்கும்.

"இத்தனை வயசுக்கு மேல எதுக்கு இப்படிக் கத்தறா?" என்று கேட்டேன்.

"கத்தணும்போல இருக்கும்மா, கத்தறா," என்றாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். நாலு பேர் வந்தால் உள்ளே போய்விடுகிற சுபாவம். இதுவரை எதையும் வேண்டாம் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து பையன் போன் செய்தான். ஃபிளாட் அவன் பேரில் இருக்கிறது. விற்கப் போகிறானாம். கோயம்புத்தூர் பக்கம் வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் என்னைச் சேர்த்துவிடுவானாம். டாக்டர், நர்ஸ், வேளாவேளைக்குச் சாப்பாடு, எல்லாம் அங்கேயே உண்டாம். பெண் திருச்சிக்குள் ஒரு ஹாஸ்டல் பார்த்துக்கொள்ளலாமாம். வேண்டாம் என்பது வாய் வரைக்கும் வந்தது. உன் சௌகரியம் என்று சொல்லிவிட்டுப் போனைப் பெண்ணிடம் கொடுத்தேன்.

முழங்கால் வலியால் நான் படி இறங்கியே வெகுகாலம் ஆகிறது. சமையலறையும், அதன் ஜன்னலில் தெரிகிற கோபுர நுனியும்தான் எனக்கு ஊர். அன்றைக்குப் பெண் அந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி வருவதாக இருந்தது. ரிட்டயர் ஆனவர்கள், அமைதியாகப் பாராயணம் பண்ண இடம் தேடுகிறார்கள் என்று பையன் சொல்லியிருந்தான். அதற்குள் பெருமாளுக்குச் சமைக்கிற தளிகை ஆகிவிடும் என்று நினைத்து நான் குளித்து மடிப்புடவை கட்டிக்கொண்டேன். அதைப் பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணும் வரைக்கும் யாரையும், எதையும் தொடக்கூடாது. ஃபேன் போடுவதென்றால்கூட, மடித்துணி உலர்த்துகிற மூங்கில் கொம்பால்தான் சுவிட்சைத் தட்டுவேன்.

அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் கூப்பிட்டதும், பாட்டு ஓடிக்கொண்டிருந்த போனை ஷெல்ஃபில் விட்டுவிட்டுப் பெண் கீழே ஓடினாள். ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்காக அதை நிறுத்தலாம் என்று கொம்பை எடுத்தேன். ஸ்பீக்கர் சுவிட்ச் சமையலறை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருக்கிறது. கொம்பின் நுனி அதில் பட்டுவிட்டது, தட்டவேண்டியதுதான் பாக்கி. படியில் பேச்சுக்குரல் கேட்டது. அப்போது அந்தக் கிழவர் மூச்சு விடாமல் நீளமாக ஒரு கத்துக் கத்தினார். நான் கொம்பைச் சுவரோரம் சாத்திவிட்டுக் குழம்பைக் கிளறப் போனேன்.

உள்ளே வந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். பெண் ஓடிவந்து ஸ்பீக்கரை நிறுத்தினாள். வந்தவர் சமையலறைப் பக்கம் பார்த்து, தினமும் இந்தச் சத்தம் உண்டா மாமி என்று கேட்டார்.

தலையை நிமிர்த்தாமல், "தினமும் உண்டு," என்றேன்.

மற்ற அறைகளை அவர்கள் சரியாகப் பார்க்கவே இல்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

பெண் கொம்பைப் பார்த்தாள், சுவிட்சைப் பார்த்தாள். "கொம்பு இங்கேதானேம்மா இருந்தது?"

"இருந்தது."

கொஞ்ச நேரத்தில் பையன் போன் வந்தது. அடுத்த வாரம் வேறு ஒருவர் வருகிறார், அன்றைக்காவது வீட்டை வீடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்று கடிந்துகொண்டான். அவள் போனோடு என்னிடம் வந்தாள். போனை நான் கையில் வாங்க முடியாது. அவள் சமையலறை வாசலில் நின்று, ஸ்பீக்கரில் போட்டு, என் மேல் படாமல் நீட்டினாள்.

நான் சொன்னது அவனுக்கு எட்டவில்லை.

"என்னம்மா? கேக்கலை. சத்தமாச் சொல்லு."

"நான் எங்கேயும் வரலைடா."

என் குரல் சுவரில் இடித்துக்கொண்டு எனக்கே திரும்பி வந்தது. அடுத்த வாரம் வருகிறவரை வரவேண்டாம் என்பானா, மாட்டானா, தெரியவில்லை. குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. பெண் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.