மூணு ஃபேஸ், ஒரு அரியர்

டாக்டருக்குப் படிப்பவனிடம் யாரும் முதல் வருடத்திலேயே ஊசி போடச் சொல்வதில்லை; எலெக்ட்ரிகல் படிக்கிற நாம் மட்டும் அட்மிஷன் போட்ட மறுநாளே ஸ்டூல் மேல் ஏறி யார் வீட்டு ஃபேனையாவது பார்க்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறி, அரக்கோணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அதைப் படித்துக் கரையேறியவள் நான். நீங்களும் படித்தவர் என்றால், இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

கிடைத்த சீட்டு

கவுன்சிலிங்குக்கு நைனா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான்கு பவர்லூம். லுங்கி நெய்வதுதான் தொழில். பெண் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகப் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஹாலில் பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்து வைத்திருந்த கல்லூரியில் கம்ப்யூட்டர் சீட்டு ஒன்றே ஒன்று. எனக்கு முன்னால் போன பெண் சிரித்தபடி எழுந்து வந்தாள். திரையில் அது பூஜ்யம் ஆனது.

அதே கல்லூரியில் எலெக்ட்ரிகல் இருக்கிறது, அதிலும் கம்ப்யூட்டர் பேப்பர்கள் வரும் என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். ஊரெல்லாம் சொல்லிவிட்ட மனிதர் இனி என்ன செய்வாரோ என்று நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த அதிகாரியிடம் சொன்னார்: "அதையே போடுங்க சார். நம்ம வூட்ல கம்ப்யூட்டர் இல்ல, மோட்டார் நாலு கீது."

கதவருகே ஒரு வகுப்பு

மெஷின் லேப் என்றால் பெண்களுக்கு முதல் கட்டளை, துப்பட்டாவை இறுக்கிக் கட்டி மேலே கோட்டைப் போட்டுக்கொள்வது. என் லேப் ஜோடி ரெஜினா. அவளும் திருத்தணிதான், அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். பேட்ச் பிரிக்கும்போது யாரோடும் சேராமல் மிஞ்சிய இரண்டு பேர் நாங்கள், அப்படித்தான் சிநேகம்.

டி.சி. மோட்டாரில் ஃபீல்டு வயர் என்று ஒன்று உண்டு. மற்ற வயர் கழன்றால் மோட்டார் நிற்கும். அது கழன்றால் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். புத்தகத்தில் படித்திருந்தோம். ஒருநாள் திருகு தேய்ந்த ஒரு டெர்மினலிலிருந்து அந்த வயர் கழன்று விழுந்தது. முதலில் ஒரு முனகல், அப்புறம் விசில், அப்புறம் ஊளை. மேஜை நடுங்கியது. முப்பது பேரும் நோட்டைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினோம். ரெஜினா மட்டும் எதிர்த்திசையில் ஓடி மெயின் சுவிட்சை இழுத்தாள். ஊளை மெதுவாக இறங்கி அடங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. டீ குடிக்கப் போயிருந்த லேப் சார் சத்தம் கேட்டு ஓடி வந்தார். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், கதவருகே குவிந்திருந்த எங்களைப் பார்த்தார். "எல்லாரும் கீறீங்களா, இல்ல யார்னா சிவிலுக்கு மாறிக்கினு போய்ட்டீங்களா?"

நிற்காத பிரிண்டர்

கம்ப்யூட்டர் லேபில் நான் எழுதிய புரோகிராம், என் பெயரைப் பத்து முறை அச்சடிக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் வரி எங்கோ தப்பாகிவிட்டது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று மஞ்சுளா, மஞ்சுளா என்று அடித்துக்கொண்டே போனது. மடிப்பு மடிப்பான பேப்பர் மேஜையிலிருந்து வழிந்து தரையில் சேர்ந்தது. நான் கீபோர்டில் தெரிந்த பட்டனையெல்லாம் தட்டினேன். கடைசியில் லேப் அசிஸ்டெண்ட் வந்து சாவகாசமாக பிளக்கைப் பிடுங்கினார். குனிந்து ஒரு முனையை எடுத்துப் படித்தார். "எல்லாம் சரிம்மா, மாப்ள பேரு எங்க?"

முனகிய தறிகள்

மூன்றாம் வருட லீவில் ஒரு நாள் காலை, எங்கள் தறிகள் நான்கும் ஒரே நேரத்தில் நின்றன. நைனா ஒரு சுவிட்சைப் போட்டார்; மோட்டார் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகியது. மறுபடி போட்டார். லேசாகக் கருகல் வாசனை. அந்த வாரம் அனுப்ப வேண்டிய சரக்கு தறியிலேயே இருந்தது. மோட்டார் எரிந்துவிட்டது, கழற்றி வைண்டிங் கடைக்குக் கொண்டுபோகலாம் என்று ஸ்பேனரைத் தேடினார். வீட்டில் லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. அதனால் கரண்டில் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

"நைனா, கை வெக்காதீங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க" என்றேன். அவரை அதட்டியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. மோட்டாருக்கு வேண்டியது மூன்று ஃபேஸ். ஒன்று போய்விட்டால் சுற்ற முடியாமல் முனகி முனகியே எரியும். ஹோல்டரில் பல்பை மாட்டி மீட்டர் போர்டில் ஒவ்வொரு ஃபேஸாக வைத்துப் பார்த்தேன். முதலாவது எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவதில் எரியவில்லை. அம்மா பின்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லைன்மேன் வந்து கம்பத்தில் போயிருந்த ஃப்யூஸைப் போட்டார். நைனா கண்ணை மூடிக்கொண்டு முதல் தறியின் சுவிட்சைத் தட்டினார். தடக், தடக் என்று தறி கிளம்பியது. நாலும் கிளம்பின. நைனா ஒவ்வொரு தறியாகச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "இன்னாதான் ஆச்சு?" என்று கேட்டதற்கு அம்மாதான் பதில் சொன்னாள்: "ஒண்ணும் இல்ல, எங்க வூட்டு இன்ஜினியர் வந்து பாத்துட்டுப் போச்சு."

முறுக்கு டின்

அந்த அனுபவத்தையே கடைசி வருட புராஜெக்ட் ஆக்கினோம். ஒரு ஃபேஸ் போனால் தானாகவே மோட்டாரை நிறுத்தும் சின்ன போர்டு. நானும் ரெஜினாவும் சால்டரிங் வைத்து, விரலைச் சுட்டுக்கொண்டு செய்தது. ஆடாமல் இருக்க முறுக்கு டின்னில் துணி சுற்றி வைத்தோம். புராஜெக்டை ஓட்டிக் காட்டும் வைவா நாள் கிருத்திகையாக அமைந்தது. திருத்தணி ஸ்டேஷனில் வந்திறங்கும் கூட்டமும் காவடியும் எங்களைப் பின்னுக்குத் தள்ளின. டின்னைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். ரேணிகுண்டா பக்கத்து அம்மா ஒருவர், பிரசாதம் என்று நினைத்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். இழுத்த இழுப்பில் டின் கீழே விழுந்தது. எடுத்துக்கொண்டு ரயிலில் ஏறினோம். மணிக்கட்டு நோகப் பிடித்துக்கொண்டிருந்தேனே தவிர, திறந்து பார்க்க இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், "ஓட்டிக் காட்டுங்க" என்றார். மோட்டார் ஓடியது. ரெஜினா ஒரு ஃபேஸை எடுத்தாள். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு 'டக்' என்று, கரண்டைத் துண்டிக்கும் ரிலே விழுந்தது, மோட்டார் நின்றது. ஒரு மோட்டார் நின்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். அவ்வளவு பேர் கும்பிட்டதால்தானோ என்று வெளியே வந்து கேட்டேன். ரெஜினா டின்னை மூடிக்கொண்டே சொன்னாள்: "அரோகராவோ, அல்லேலூயாவோ, ரிலே விழுந்துச்சு இல்ல? போதும் வா, பசிக்குது."

பிரவுசிங் சென்டர்

எல்லாம் முடிந்தும் ஒன்று முடியவில்லை. ஃபீல்ட்ஸ் என்று ஒரு பேப்பர், முழுக்க மின்காந்தக் கணக்கு. பெயரைக் கேட்டதும் உங்களில் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். இரண்டாம் வருடத்தில் போன பேப்பர், எழுத எழுதப் போய்க்கொண்டே இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி என்னை எடுத்திருந்தது, அரியர் இருந்தால் வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தது. கடைசி ரிசல்ட் வந்த அன்று பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்றேன். நைனா உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் முறை வந்தது. நம்பரை அடித்தேன். அந்தக் கால இன்டர்நெட் நம் பொறுமைக்கும் பரீட்சை வைக்கும். பெயர் வந்தது, நின்றது. புராஜெக்ட் வந்தது, நின்றது. ஒவ்வொரு பேப்பராக மேலிருந்து இறங்கி வர, அரியர் பேப்பர் கடைசி வரியில் இருந்தது. எண் வருமுன்பே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால் ஐம்பத்து மூன்று, பாஸ். மறுபடி துடைத்துப் பார்த்தேன், அதே பாஸ். அப்புறம்தான் உண்மையிலேயே அழ ஆரம்பித்தேன். வாசலில் நைனா சைக்கிளைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. நான் பெயில் என்றே நினைத்துவிட்டார் பாவம். கடைக்காரர் எட்டித் திரையைப் பார்த்துவிட்டு வாசலை நோக்கிக் குரல் கொடுத்தார்: "பெரியவரே, பாப்பா பாஸு. கூட்டிக்கினு போய் வெளிய வெச்சு அழ வுடுங்க, கீபோர்டு நனையுது."

நான்கு வருடப் படிப்பில் கரண்ட் என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை, அடித்ததெல்லாம் பரீட்சைதான்.