ஏலத்தில் வந்த தச்சுப் பெட்டி

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுக் கிளம்பிய சமயத்தில், அவர்கள் குடியிருந்த வீடுகளின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கட்டில், வட்ட மேசை, கண்ணாடி பதித்த அலமாரி, பீங்கான் தட்டு என்று ஊரில் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். என் கணவர் ஒரு தச்சுப் பெட்டியை எடுத்துவந்தார்.

அவருக்கு மேரியில் குமாஸ்தா வேலை. நகராட்சி அலுவலகத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிறந்தவர், இறந்தவர், கல்யாணம் செய்துகொண்டவர் பெயர்களைப் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதுவார். பேனாவைத் தவிர வேறு கருவி எதையும் அவர் பிடித்து நான் பார்த்ததில்லை. நான் கோட்டுச்சேரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் நாங்கள் இருவரும் என் மாமியாரும் மட்டும்தான். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்.

பெட்டியைத் திறந்து காட்டினார். ரம்பம், சுத்தியல், இழைப்புளி, சின்னதும் பெரியதுமாக உளிகள், திருப்புளி, கைப்பிடியைச் சுற்றினால் மரத்தில் துளை போடுகிற ஒரு பல்சக்கர யந்திரம். ஒவ்வொன்றுக்கும் பெட்டிக்குள் தனித்தனிப் பள்ளம். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை வச்சுக்கிட்டு என்னடா செய்யப் போற?" என்று கேட்டார். வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் இனி தானே செய்யப்போவதாக அவர் சொன்னார். மாமியார் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

துருப்பிடிக்கக் கூடாது என்று அன்றைக்கே எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் தடவி வைத்தார். காலையில் பெட்டி முழுக்க எறும்பு. ரம்பத்தின் பல்லுக்குப் பல் எறும்பு உட்கார்ந்திருந்தது. வெயிலில் வைத்து, உதறி, துடைத்து எடுப்பதற்குள் அவர் கையெல்லாம் தடித்துவிட்டது. அன்று அலுவலகத்தில் பேனா பிடிக்கவே சிரமமாக இருந்ததாம்.

முதல் வேலையாகச் சமையலறையில் ஒரு பலகை அடிப்பதென்று முடிவாயிற்று. அது பழைய சுண்ணாம்புச் சுவர். அவர் ஆணியை வைத்து அடித்தார், ஆணி கோணிக்கொண்டது. இன்னொன்றை வைத்துப் பலமாக அடித்தார். இந்தத் தடவை முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து, கீழே கொதித்துக்கொண்டிருந்த குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மரைக்காயர் குடும்பம் இருந்தது. அங்கே ஏதோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு அம்மாள் கொல்லை வேலிக்கு வந்து, சுவரை இடித்து வீட்டைப் பெரிதாக்குகிறீர்களா என்று மரியாதையாகவே கேட்டார். அவர்கள் மாடத்திலிருந்த செம்புகள் எல்லாம் கீழே வந்துவிட்டிருந்தன. எங்கள் குழம்பு வீணானதைக் கேட்டதும் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு, அவர்கள் சொல்வதில் மீன் ஆணம், கொடுத்தனுப்பினார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே என் கணவர், சுவரைவிட மரம்தான் தனக்குச் சரிப்பட்டுவரும் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்துக்கு வந்தார். பலகையை அறுப்பதற்கு மேடை வேண்டும் என்று, கூடத்தில் வந்தவர் உட்காரப் போட்டிருந்த கை வைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். பலகையை அதன் கைகளின் மேல் குறுக்கே கிடத்தி, முழங்காலால் அழுத்திக்கொண்டு அறுத்தார். நன்றாகத்தான் அறுபட்டது. மரத்தூள் கொட்டக் கொட்ட அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. பலகையின் துண்டு கீழே விழுந்தது. அதோடு கூடவே நாற்காலியின் வலது கையும் விழுந்தது. அவர் இரண்டையும் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் அறுபட்டிருப்பதை எனக்குக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமியார் இருந்ததால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமியார் சிரிக்கவில்லை.

பிறகுதான் குளியலறைத் தாழ்ப்பாள் விவகாரம் வந்தது. எங்கள் வீட்டுக் குளியலறை கொல்லையில் கிணற்றை ஒட்டி இருந்தது. நான்கு பக்கமும் ஆள் உயரச் சுவர், மேலே கூரை கிடையாது. கதவில் தாழ்ப்பாள் இல்லாததால் உள்ளே இருப்பவர் ஒரு காலால் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டே குளிக்க வேண்டும். மாமியாருக்கு இதில் நெடுநாள் குறை. அம்மாவைச் சமாதானம் செய்ய இதுதான் வழி என்று என் கணவர் புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பொருத்தினார். நிலையில் இருந்த வளையம் கொஞ்சம் சாய்ந்திருப்பது போல எனக்குத் தெரிந்தது. சொன்னேன். பார்க்கிற கோணத்தில் அப்படித் தெரியும் என்றார்.

மறுநாள் ஞாயிறு. மாமியார் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போனார். தாழ்ப்பாளை அழுத்தித் தள்ளிய சத்தம் எனக்கே கேட்டது. நல்ல பலமாகத்தான் தள்ளியிருக்க வேண்டும். குளித்து முடித்தவர் கதவைத் திறக்கப் பார்த்தால், சாய்ந்த வளையத்துக்குள் போன கம்பி திரும்பி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போகாத கை வேறு. முதலில் என்னைக் கூப்பிட்டார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

அவர் பெட்டியோடு ஓடிவந்தார். திருகாணிகள் எல்லாம் உள்பக்கம், கீல்களும் உள்பக்கம். கதவிடுக்கில் ரம்பத்தை விட்டுக் கம்பியை அறுத்துவிடலாம் என்று பார்த்தார். மரத்துக்கான ரம்பம் இரும்பில் இரண்டு பல்லை விட்டுவிட்டு இடுக்கிலேயே சிக்கிக்கொண்டது. சுத்தியலை எடுத்து ஓங்கினார். காம்பு கையில் நின்றது. தலை மட்டும் பறந்துபோய்க் கிணற்றில் விழுந்தது.

"என்னடா விழுந்துச்சு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. நீங்க பயப்படாதீங்க."

"நான் பயப்படல. எனக்குக் குளிருது."

இந்த நேரம் பார்த்துக் காரைக்கால்மேட்டிலிருந்து எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் பெண் கொல்லை வழியாக உள்ளே வந்தார். கூடையை இறக்கிவைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அவர் கதவை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இடத்தை விட்டு நகரவும் இல்லை.

கூரை இல்லாதது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாட்டுத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டினேன். மாமியார் ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு, தலை சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். திருப்புளியை நீட்டினேன்.

"அத்தை, அந்த வளையத்துல இருக்கற ஆணியோட பள்ளத்துல இதை வச்சு இடது பக்கமா திருகுங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். திருப்புளியை ஒரு தரம் பார்த்தார். வாங்கிக்கொண்டு திருகினார். முதல் ஆணி வர நேரமாயிற்று. அடுத்தது சட்டென்று வந்துவிட்டது. வளையம் கழன்று கையோடு வர, கதவு தானாகத் திறந்தது. ஒரு கையில் வளையமும் இன்னொரு கையில் திருப்புளியுமாக வெளியே வந்தவர், மகனைத் தாண்டி நடந்தார். என்னிடம் திரும்பி, "இவ்வளவுதானாடி?" என்றார்.

மீன்காரப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். அவர் மீனோடு வேறென்ன விற்றார் என்பது மறுநாள் தெரிந்தது. என் கணவர் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பெரிய குமாஸ்தா எழுந்து நின்று, பிரெஞ்சுத் துரைகளை அழைக்கிற மரியாதையோடு, "வாங்க முசியே ஆசாரி" என்றாராம். என் கணவர் வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போது முகம் வாடித்தான் இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

"அது இருக்கட்டும்" என்றார் மாமியார்.

அன்றிலிருந்து பெட்டி மாமியார் வசமாயிற்று. மதியச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து எதையாவது கழற்றி மாட்டுவோம். அதற்கு முன்னால் எங்களுக்குள் உப்பு, புளி தவிரப் பேச்சு கிடையாது. தாழ்ப்பாளை நேராக மாட்டினோம். சமையலறைப் பலகையையும் மாட்டினோம். அது கொஞ்சம் சரிந்திருந்ததால் உருண்டையான எதையும் அதில் வைக்க மாட்டோம்.

ஒருநாள் நான் துளை போடும் யந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது முந்தானை பல்சக்கரத்துக்குள் போய்விட்டது. முன்னால் சுற்றினால் இன்னும் உள்ளே போனது. பின்னால் சுற்ற வரவில்லை. அந்தக் கோலத்தில், யந்திரம் தோளில் தொங்க, மடியெல்லாம் மரத்தூளாக நான் நின்றபோது கோட்டுச்சேரியிலிருந்து என் அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். மாமியார் திருப்புளியைக் காதோரம் செருகிக்கொண்டே, "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். அப்பா நாற்காலியைப் பார்த்தார். வலது பக்கம் கை இல்லை.

மாமியார் மோர் எடுக்க உள்ளே போனதும் அப்பா என் அருகே வந்து, "இங்க உன்னை என்னென்ன வேலையெல்லாம் வாங்குறாங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சிரித்தேன். அழுகையை மறைக்கத்தான் சிரிக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்ல, அடுத்த வாரமே அம்மா வந்துவிட்டாள். வந்தவள் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். பலகையைத் தொட்டுப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது மாமியாரைப் பார்த்து, எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கதவு ஆடிக்கொண்டிருக்கிறது, ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

போனோம். பஸ்ஸில் பெட்டியை மாமியார் மடியிலேயே வைத்துக்கொண்டார். என் கணவர் அன்று வீட்டில் நிம்மதியாகப் பத்திரிகை படித்தார். கொட்டகைக் கதவைக் கழற்றி, கீல் மாற்றி, திரும்ப மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் முன்பு உள்பக்கம் திறந்த கதவு இப்போது வெளிப்பக்கம் திறந்தது. மாடு வழக்கம்போல வந்து முகத்தால் முட்டிவிட்டு, திறக்காததால் எங்களைத் திரும்பிப் பார்த்தது. மாமியார் மறுபடி கழற்றலாமா என்று கேட்டார்.

"வேண்டாங்க, பழகிக்கும்" என்றார் அப்பா.