தீனி தின்னாத ஸ்பீக்கர்

எங்கள் வீட்டுக்காரருக்குச் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்க வராது. கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். காரமடைத் தேருக்கு அன்னதானம் என்று யாராவது வந்து நின்றால் எவ்வளவு என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற கை அது. ஆனால் வாங்குவது என்று வந்துவிட்டால் கத்தரிக்காயானாலும் காரானாலும் பேசிக் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் பூக்காரியிடம் ஒரு முழம் மல்லிகைக்கு அவர் நின்று பேசிய பேச்சில், நான் யாரோ எவரோ போலத் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

அது வம்சத்தில் வந்தது. என் மாமனார் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டை மேலே போட்டுக்கொண்டு, அதற்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலை அழுத்தி விலை பேசுவார்கள். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் எந்த விரல் அழுந்தியது என்று அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். விலை படியவில்லை என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. விற்கிறவனே பின்னால் வந்து கூப்பிடுவான். எங்கள் வீட்டுக்காரர் மாடு பிடிக்கப் போகவில்லை, பம்பு செட்டுக்குக் காஸ்டிங் வார்க்கிற பவுண்டரி வைத்தார். ஆனால் எழுந்து நடக்கிற அந்தப் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அந்தப் பவுண்டரிதான் அவர் காதைத் தின்றது. வார்த்த இரும்பில் பிசிறு எடுக்கிற கிரைண்டிங் மிஷின்களுக்குப் பக்கத்திலேயே அவருடைய ஆபீஸ் ரூம். கண்ணாடிக் கதவைச் சாத்தி வைக்க மாட்டார், சாத்தினால் ஆட்கள் ஏமாற்றிவிடுவார்களாம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் மேஜையில் ஒரு டேப் ரிக்கார்டர் பாடிக்கொண்டேயிருக்கும். அப்புறம் அதுவே சி.டி. ஆனது, பிறகு போன் ஆனது. பாட்டு இல்லாமல் அவர் இருந்ததில்லை.

பவுண்டரியைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் இடது காது சுத்தமாகப் போய்விட்டது தெரிந்தது. காது டாக்டரம்மா ஒளிவு மறைவு இல்லாமல் பேசுகிறவர். "நரம்பு தேஞ்சுபோச்சுங்க. இன்னொரு காதும் இப்படியே நிக்கும்னு நான் சொல்ல முடியாதுங்க. மிஷின் வெச்சா பேச்சு புரியும். பாட்டு பழையபடி இருக்காதுங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே சொன்னார்.

"நல்லதா ஒரு செட்டு வாங்கோணும் கண்ணு. காது இருக்கறப்பவே கேட்டுப்போடோணும்."

உடனே வாங்கலாம் என்றேன். என் வாழ்க்கையில் அவரை எதிர்த்துப் பேசாத அபூர்வமான நாட்களில் அது ஒன்று.

ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு பழைய பங்களாவில் அந்தக் கடை. கடை என்று வெளியே போர்டுகூடக் கண்ணில் படாது. முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போக வேண்டும். செருப்பை வெளியே விட்டு உள்ளே போனால் கம்பளம், சோபா, சுவரெல்லாம் மெத்தை. விலை எழுதிய ஒரு சீட்டைக்கூட எங்கும் காணோம். நடத்துகிற பையனுக்கு முப்பது வயது சொல்லலாம். மில் வைத்திருந்த குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், பணிவான பிள்ளை. எங்களை சோபாவில் உட்கார வைத்து, விளக்கைக் குறைத்து, ஒரு பழைய பக்திப் பாட்டைப் போட்டான். வாத்தியம் அதிகம் இல்லை, யாரோ ஒரு அம்மா ஒற்றைக் குரலில் பாடியது. எங்கள் காரில் எத்தனையோ தடவை ஓடிய பாட்டுத்தான்.

இவர் கையைத் தூக்கினார். பையன் நிறுத்தினான்.

"பாடறதுக்கு முன்னால அந்தம்மா மூச்சு எடுக்கறது கேக்குதுங்க தம்பி" என்றார். "இன்னொருக்கா போடுங்க."

இன்னொரு தடவை போட்டான். எனக்கும் கேட்டது. வாயைத் திறந்து, நெஞ்சு விரிய, ஒரு சின்ன இழுப்பு. அதற்குப் பிறகு முதல் சொல். அந்த அம்மா எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர். அவர் அம்மா போனபோது பார்த்தது, அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

அத்தோடு பணத்தை எண்ணி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பையன் விலையைச் சொன்னான். எங்கள் மகள் கல்யாணத்தில் இரண்டு வேளைப் பந்திக்கு ஆன செலவு இருக்கும். இவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். துண்டை எடுத்த பிறகு பார்த்தால் அங்கே உட்கார்ந்திருந்தது என் மாமனார்.

எழுந்து போய் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். எத்தனை கிலோ என்று கேட்டார். காஸ்டிங்கை எடை போட்டே விற்றுப் பழகியவர், கிலோவுக்கு என்ன விழுகிறது என்று மனக்கணக்குப் போட்டுப் பையனிடமே சொன்னார். பையன் பாவம், எடைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் உண்டுதான், ஆனால் இந்தக் கணக்கில் இல்லை என்று பொறுமையாக விளக்கினான். அப்புறம் கேபிள். ஸ்பீக்கருக்கு இழுக்கிற ஒயருக்கு மட்டும் ஒரு கறவை மாட்டின் விலை. மோட்டார் வைண்டிங் கம்பி விலையெல்லாம் அத்துப்படியானவரிடம் அதைச் சொல்லலாமா? செம்பு கிலோ என்ன விலை தெரியுங்களா தம்பி என்று ஆரம்பித்துவிட்டார். ஆனையை வாங்கிப்போட்டு அங்குசத்துக்கு யோசிக்கிறீங்களே என்று நான் காதோரம் முணுமுணுத்தேன். அது இடது காது.

பையன் இறங்கி வரத்தான் பார்த்தான். ஒயரைச் சாதாரணமானதாகப் போட்டுக்கொள்ளலாம், பொருத்துகிற கூலி வேண்டாம் என்றான். இங்கே பாடிக்கொண்டிருப்பதையே எடுத்துக்கொண்டால் நல்ல தள்ளுபடி உண்டு, டெமோவுக்கு வைத்தது, வேறு குறை எதுவும் இல்லை என்றான். பத்துப் பேர் பல்லைப் பிடித்துப் பார்த்த மாடு எனக்கு எதற்கு என்றார் இவர். பெட்டி பிரிக்காத புதுசுதான் வேண்டும், விலை மட்டும் டெமோ விலை வேண்டும்.

"இல்லீங்க ஐயா. புதுசுக்கு நான் சொன்னதே கடைசி வெலைங்க" என்றான் பையன்.

"அப்ப நாங்க வாரமுங்க தம்பி."

துண்டு தோளுக்குப் போனது. பையன் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டான். இவர் காருக்கு நடந்த நடை இருக்கிறதே, வாசலில் இருந்து வண்டிக்கு ஒரு யுகம் ஆனது. பின்னால் யாரும் கூப்பிடவில்லை.

"கூப்புடுவான், பொறு" என்றார் காரில்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏனுங்க, சந்தையில மாட்டுக்காரன் கூப்புடறான்னா, பொழுது எறங்குனா அவன் அந்த மாட்டை ஓட்டிட்டுப் போயித் தீனி போடோணும். அதுக்குப் பயந்துட்டுக் கூப்புடறான். இந்த ஸ்பீக்கர் தீனியா திங்குது? அவன் எதுக்குங்க கூப்புடறான்?" என்றேன். வண்டியைக் கிளப்பினார். கேட்டதோ கேட்கவில்லையோ, அதைக்கூட அந்தக் காலத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பங்குனியில் நடந்தது இது. சித்திரை போனது, வைகாசி போனது. பெங்களூர்க் கடைக்குப் பேசினார், சென்னைக் கடைக்குப் பேசினார். அவர்கள் கொஞ்சம் குறைத்துச் சொன்னார்கள், லாரி வாடகையைச் சேர்த்தால் இந்தப் பையன் சொன்ன விலையிலேயே வந்து நின்றது. ஆடி வரட்டும் என்றார். ஆடியும் வந்தது. கிராஸ்கட் ரோடு முழுக்கத் தள்ளுபடித் தட்டி கட்டியிருந்தார்கள். இவர் என்னையும் ஏற்றிக்கொண்டு, நடக்கப் போகிற சாக்கில் ரேஸ் கோர்ஸைச் சுற்றி வந்து, அந்தப் பங்களா வாசலில் ஏதாவது தட்டி தொங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கிப் போய்க் கேட்க மாட்டார். போன் செய்யவும் மாட்டார். முதலில் வாய் திறந்தவன் தோற்றவன்.

நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அந்தக் காசு எங்களுக்கு இல்லாத காசு இல்லை. குறைக்கக் கேட்ட தொகையால் குடி முழுகவும் போவதில்லை. ஆனால் ஒருவன் விலையைக் குறைத்தால்தான் தன்னை மதித்தான் என்று இவருக்கு நினைப்பு. குறைக்காமல் விட்டால் அவமானம். பொருளின் மதிப்பு எங்கேயோ இருக்கட்டும், ஆளுக்கு என்ன மதிப்பு என்பதுதான் பேச்சு. இந்த ஊர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், என் அப்பாவும் அப்படித்தான். இப்படி மானத்தைக் கொண்டுபோய்த் தள்ளுபடியில் வைத்திருக்கிறோமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆடி முடியும் தறுவாயில் ஒரு நாள், அடுப்பில் பருப்புக்குக் குக்கரை வைத்துவிட்டு, விசில் வந்தால் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் வீடெல்லாம் தீய்ந்த வாசம். இவர் அடுப்படிக்குப் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். எப்போதும் வாயில் வருகிற வசவு நுனி நாக்குக்கு வந்துவிட்டது. செவிடன் காதில் ஊதின சங்கு. முப்பது வருஷமாகச் சர்வ சாதாரணமாகச் சொல்லி வந்தது. அன்றைக்குப் பாதியில் முழுங்கினேன். அதற்குப் பிறகு அந்தப் பழமொழியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். தொண்டாமுத்தூரில் என் அப்பா எனக்கு எழுதி வைத்த தென்னந்தோப்பு ஒன்று உண்டு. காட்டு யானை தள்ளியது போக மிச்சம் நிற்கிற மரங்களின் குத்தகை என் கணக்கில்தான் வரும். பையனிடம் நேராகவே பேசினேன்.

"தம்பி, நீங்களே அவரைக் கூப்புட்டு, அவரு கேட்ட வெலைக்குத் தர்றேன்னு சொல்லுங்க. கொறையறதை நான் குடுத்துப்போடறனுங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்."

அவன் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "நானே கூப்புடோணும்னுதானுங்கம்மா இருந்தேன். ஐயா எப்படியும் வருவாருன்னு உட்டுட்டேன்" என்றான்.

அவனும்தான் காத்துக்கொண்டு இருந்திருக்கிறான். இரண்டு பேர் தலையிலும் நறுக்கென்று ஒரு கொட்டு வைக்க வேண்டும் போல இருந்தது. காசை வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்பான் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். வியாபாரம் வியாபாரம்தான்.

அன்று மாலையே போன் வந்தது. இவருக்குப் பையன் பேசுவது பிடிபடவில்லை. என்ன சொல்றான்னு கேளு என்று போனை என்னிடம் நீட்டினார். நான் காசு கொடுத்துக் குறைத்த விலையை நானே கேட்டு, அவர் முகத்துக்கு நேராக வாயை அசைத்து அசைத்துச் சொன்னேன்.

"பாத்தியா கண்ணு" என்றார். "கூப்புட்டான்."

மாமனார் இருந்திருந்தால் தோளில் தட்டியிருப்பார். எனக்கு அழுகை வந்தது, சமையலறைக்குப் போய்விட்டேன்.

நல்ல நாள் பார்த்துப் பெட்டிகள் வந்தன. பையனே கூட வந்து, பொருத்தி, ஸ்பீக்கரைச் சுவரில் இருந்து இழுத்து நகர்த்தி, இவரை நடுவில் உட்கார வைத்து, அதே பாட்டைப் போட்டான். என் வீட்டுக் கூடத்தில் அந்த அம்மா வாயைத் திறந்து மூச்சு எடுத்தது எனக்கு அப்பட்டமாகக் கேட்டது. இவர் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்சம் வைங்க என்றார். வைத்தான். இன்னும் கொஞ்சம் என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"நல்லா இருக்குதுங்க தம்பி. ரொம்ப நல்லா இருக்குது" என்று அவனை அனுப்பி வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து என்னிடம் கேட்டார்.

"அந்தம்மா மூச்சு எங்க போச்சு கண்ணு?"

இருக்கிறது என்றேன். காது மிஷினை வைத்துக் கேட்டுப் பார்த்தார், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றியதே தவிர, அவரைத் திட்ட வாய் வரவில்லை.

சொந்தக்காரர்கள் வந்தால் அந்த ஸ்பீக்கரைக் காட்டுவார். எப்படிப் பாடுகிறது என்று சொல்ல மாட்டார். என்ன விலை சொன்னான், தான் எப்படி எழுந்து வந்தார், எத்தனை மாதம் கழித்து அவனாகக் கூப்பிட்டான், எவ்வளவு குறைத்தான், அதைத்தான் சொல்வார். வருகிறவர்களும் ஆஹா என்பார்கள். நான் காபி கொடுத்துக்கொண்டிருப்பேன்.

ஆள் இல்லாத நேரத்தில் பாட்டைப் போடச் சொல்வார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, தோளில் இருக்கிற துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கை மேலும் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்வார். "அந்தம்மா மூச்சு எடுக்கறப்ப அழுத்து" என்பார். எடுக்கிறபோது அழுத்துவேன். சரி என்று தலையை ஆட்டுவார். அடுத்த அடிக்கும் அழுத்துவேன். எத்தனையோ சாயங்காலம் இப்படிப் போகிறது.

போன வாரம் பாட்டில் நானே கொஞ்சம் ஆழ்ந்து போய்விட்டேன். அழுத்த மறந்துவிட்டேன். பாட்டு முடிந்து எவ்வளவோ நேரம் கழித்து அவர் துண்டை எடுத்து மடித்தார்.

"இன்னைக்கு அந்தம்மா மூச்சே எடுக்கல போல" என்றார்.